தேய்ந்த கிராங்க்: கிரைண்டிங் போதுமா, புதிது வேண்டுமா?

செட்டிநாட்டுச் செம்மண் புழுதிக்குக் கிணற்றடி ஆயில் எஞ்சின், வீட்டின் பின்கட்டில் நிற்கும் பழைய அம்பாசிடர் என்ற வேறுபாடெல்லாம் கிடையாது. ஏர் ஃபில்டரை ஒரு கோடை முழுதும் கவனிக்காமல் விட்டால், உள்ளே போன புழுதி ஆயிலோடு கலந்து பேரிங்கையும், பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்கையும் அரைக்கத் தொடங்கிவிடும். அப்படித் தேய்ந்த எஞ்சினைப் பிரித்ததும் பலர் முதலில் மைக்ரோமீட்டரைத்தான் தேடுகிறார்கள். அது கடைசியில் எடுக்க வேண்டிய கருவி என்பது என் எண்ணம். கிராங்கில் விரிசல் இருந்தால் அளவெடுத்த நேரமெல்லாம் வீண்.

ஆகவே, கிராங்கை டீசலில் கழுவித் துடைத்து, ஒரு முனையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, பின்களை (பிஸ்டனின் கனெக்டிங் ராட் மாட்டும் உருளைகள்) தாங்கும் தடித்த கைகளைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். மணிபோல ஓசை நீண்டு ஒலித்தால் நல்லது. கீறல் விட்ட பானையைப் போலச் சட்டென்று அடங்கினால் சந்தேகப்பட வேண்டும். காதுக்குப் பிடிபடாத விரிசலும் உண்டு என்பதால், மதுரைக்கோ திருச்சிக்கோ கிரைண்டிங்குக்கு, அதாவது தேய்ந்த பகுதியை மெஷினில் வட்டமாக அரைக்க, கொண்டுபோகும்போது, காந்தமேற்றித் தூள் தூவி விரிசலைக் காட்டும் காந்தத் தூள் சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பின்னும் கையும் சேரும் மூலையிலும், ஆயில் துளையின் விளிம்பிலும்தான் விரிசல் பெரும்பாலும் தொடங்கும். அங்கே கண்டுவிட்டால், வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேளாமல் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது வளைவு. இரு முனை ஜர்னல்களையும் (பேரிங்கில் அமர்ந்து சுழலும் உருளைப் பகுதிகள்) V வடிவத் தாங்கியான வி-பிளாக்கில் வைத்து, நடு ஜர்னலில் டயல் கேஜைப் பொருத்திச் சுற்றினால், முள் காட்டும் மொத்த ஆட்டத்தில் பாதிதான் வளைவு.

இனி மைக்ரோமீட்டர். எரியும் வாயுவின் அடி எப்போதும் ஏறத்தாழ ஒரே பக்கத்தில் விழுவதால் கிராங்க் பின் வட்டமாகத் தேயாமல் முட்டை வடிவில் தேயும். எனவே ஒவ்வொரு பின்னிலும் இரண்டு இடங்களில், இடத்துக்கு இரண்டு திசைகளில், ஆக நான்கு அளவுகள் எடுக்க வேண்டும். 50.00 மி.மீ. ஸ்டாண்டர்ட் பின் ஒரு திசையில் 49.96, குறுக்கே 49.89 என்று காட்டினால் ஓவல் 0.07 ஆகும், இதை 0.25 அண்டர்சைஸுக்கு, அதாவது ஸ்டாண்டர்டைவிட 0.25 மி.மீ. குறைவான 49.75க்கு, அரைத்தால் சுத்தமாகிவிடும். பின்னின் ஒரு ஓரம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் கனெக்டிங் ராட் கோணியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பேரிங்கைத் தூக்கி எறியுமுன் அதன் முதுகைத் திருப்பிப் பார்ப்பது முக்கியம்: முன்பே எத்தனை சைஸ் அரைத்திருக்கிறார்கள் என்பது அங்கே பொறித்திருக்கும். அடுத்த சைஸுக்குப் பேரிங் கிடைக்காதென்றால் கிரைண்டிங் பேச்சுக்கே இடமில்லை.

தேய்மானம் அளவுக்குள் இருந்து, மேலே கோடுகள் மட்டும் தெரிந்தால், பெட்டகத்தில் கிடக்கும் பழைய செம்புக் காசு ஒன்றை ஜர்னலின் மேல் தேய்த்துப் பாருங்கள். செம்பு ஒட்டாமல் வழுக்கினால் பாலிஷ் போதும். சிவப்புக் கோடு ஒட்டினாலோ நகம் மாட்டினாலோ கிரைண்டிங்தான்.

நைட்ரைடிங் செய்த, அதாவது நைட்ரஜன் ஊட்டி மேற்பரப்பைக் கடினமாக்கிய, கிராங்குக்குக் கடினமான தோல் மிக மெல்லியது; அரைத்தபின் மீண்டும் நைட்ரைடிங் செய்ய வழியில்லை என்றால் மாற்றுவதே மேல். அரைப்பவரிடம் மூலையின் ரேடியஸை, அதாவது வளைவை, குறைக்கக் கூடாது என்று எழுதியே கொடுங்கள். ஒரு பட்டறையில் என் கிராங்கைக் கண்ணாடிபோல் அரைத்து, மூலையை மட்டும் சதுரமாக விட்டார்கள். சில மாதங்களில் பிள்ளையார்பட்டி சாலையில் அதே மூலையில் முறிந்தது. தேய்ந்த பின்னுக்கு மின்சாரத்தால் ஹார்டு குரோம் முலாம் ஏற்றும் முறையும் உண்டு, மின்வேதியியலுக்கென்றே மத்திய ஆய்வு நிறுவனமான சிக்ரி இருக்கும் காரைக்குடியில் இதைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் குரோம் ஏற்றினால் மீண்டும் மீண்டும் விழும் சுமையைத் தாங்கும் எஃகின் திறன் குறையும் என்பதால், புதிது கிடைக்கும் எஞ்சினுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஒற்றை சிலிண்டர் எஞ்சினுக்குப் புதுக் கிராங்கின் விலையையும், கிரைண்டிங் கூலி, பேரிங், போக்குவரத்து மூன்றின் கூட்டுத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் சிறிதென்றால் புதிதே. அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டதால் அதன் கிராங்கை அவ்வளவு எளிதில் கைவிடக் கூடாது.

எதை மாட்டினாலும், ஆயில் துளைகளின் அடைப்பான்களைக் கழற்றி உள்ளே பிரஷ் விட்டுக் கழுவி, அரைத்த தூள் ஒட்டியில்லை என்று காற்றடித்து உறுதி செய்த பிறகே ஏற்றுங்கள். ஆயில் பம்பையும் அன்றே பிரித்துப் பாருங்கள்.