கரையில் பாடிய போன் கடலில் ஊமையாவது ஏன்? பாட்டு ஆப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், மண்டபம் பக்கம் மீன்பிடித் தொழிலுக்குப் போகும்போது பாட்டுக்கென்றே ஒரு பழைய போனைப் படகில் போட்டு வைப்பது உண்டு. சிம் இருக்காது, ப்ளூடூத் ஸ்பீக்கரோடு கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அது முடிந்து முதல் நாள் கடலில் வைத்துத் திறந்தால், இறக்கி வைத்த பாட்டு ஒன்றுகூட ஓடாது.

போன் கெட்டுப்போகவில்லை. ஸ்பாட்டிஃபை மாதிரிப் பாட்டு ஆப்பில் டவுன்லோடு செய்த பாட்டு எம்பி3 மாதிரி நம் கையில் நிற்கும் கோப்பு அல்ல. பூட்டு போட்ட கோப்பு, சந்தாதான் சாவி. சந்தா நடப்பில் இருக்கிறதா என்று பார்க்க 30 நாளுக்கு ஒரு தடவையாவது ஆப் இன்டர்நெட்டைத் தொட்டாக வேண்டும். யூடியூப் மியூசிக்கிலும் 30 நாள் கெடுதான். 61 நாள் சும்மா கிடந்த போனில் கெடு எப்போதோ தாண்டியிருக்கும்.

கிளம்புவதற்கு முந்தின நாளே இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, ஆப்பைத் திறந்து ஒரு பாட்டை ஓட விடுங்கள். பிறகு ஏர்பிளேன் மோடு போட்டு, ஆப்பை முழுதாக மூடித் திறந்து, பட்டியலின் முதலிலும் நடுவிலும் கடைசியிலும் ஒவ்வொரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையை விடவே கூடாது. டேட்டா ஓடும்போது பாட்டு வந்தால் அது போனிலிருந்து வருகிறதா, நெட்டிலிருந்து வருகிறதா என்று தெரியாது. ஏர்பிளேன் மோடில் ப்ளூடூத்தும் அணைந்துவிடலாம், அதை மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு பொறி, சாதன எண்ணிக்கை. ஸ்பாட்டிஃபை ஒரு கணக்குக்கு 5 சாதனங்களில்தான் டவுன்லோடு வைக்க விடும். வீட்டுக் கம்ப்யூட்டரும் இதில் சேரும். ஆறாவதில் இறக்கினால், குறைவாகப் பயன்படுத்தும் சாதனத்திலிருந்து பாட்டுகளை அழித்துவிடும். குறைவாகத் திறக்கப்படுவது எது? படகில் கிடக்கும் அந்தப் போன்தான்! கம்ப்யூட்டரிலும் பிரவுசரில் திறக்கும் ஸ்பாட்டிஃபையில் டவுன்லோடு கிடையாது, ஆப்பை நிறுவ வேண்டும்.

இடம் போதவில்லை என்று போன் செட்டிங்ஸில் 'கிளியர் ஸ்டோரேஜ்' அழுத்துகிறவர்கள் நிறைய. அது டவுன்லோடு, லாகின் எல்லாவற்றையும் துடைத்துவிடும். 'கிளியர் கேஷ்' வேறு, தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கும், அது போதும்.

தரத்தையும் யோசித்து வையுங்கள். 320 கேபிபிஎஸ் (ஒரு நொடிப் பாட்டுக்கு ஆகும் தரவின் அளவு) தரத்தில் ஒரு மணி நேரப் பாட்டுக்கு 144 எம்பி ஆகும், 96-இல் 43 எம்பிதான். 4 நிமிடப் பாட்டுகள் 200 இறக்கினால் 320-இல் 1.9 ஜிபி, 96-இல் 600 எம்பிக்கும் கீழே. இன்ஜின் சத்தத்துக்கு நடுவே சின்ன ஸ்பீக்கரில் இரண்டுக்கும் வித்தியாசம் கேட்காது. வீட்டில் நல்ல ஹெட்போன் இருந்தால் 320 வையுங்கள். லாஸ்லெஸ் (ஒலியில் எதையும் இழக்காத தரம்) வேண்டுமென்றால் வயர் ஹெட்போன்தான் சரி. சாதாரண ப்ளூடூத் எப்படியும் ஒலியைச் சுருக்கித்தான் அனுப்பும்.

சிம் உள்ள போனில் நெட்டிலிருந்து பாட்டுக் கேட்பவர்களுக்கு ஒன்று: தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்வதுண்டு. டேட்டா ரோமிங் போட்டிருந்தால் காசு போகும், அணைத்திருந்தால் பாட்டு நிற்கும். ரோமிங்கை அணைத்துவிட்டு, நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மாற்றி நம் சிம் நிறுவனத்தை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். ஊர் திரும்பியதும் மறக்காமல் பழையபடி ஆட்டோமேட்டிக்கில் வைத்துவிடுங்கள்.

திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றால் ஆப்பைக் குறை சொல்ல வேண்டாம், பேட்டரி சேமிப்புதான் அதை மூடுகிறது. செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்த ஆப், பேட்டரி என்று போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' வையுங்கள்.

'பிரீமியம் இலவசம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் ஏபிகே (ஆப்பை நிறுவும்) கோப்பில் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதைச் செய்தவர் யார் என்று தெரியாது, பாட்டு ஆப் நிறுவனம் கணக்கையே முடக்கிவிடவும் கூடும்.

ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரில் பேஸ் (அடித்தொனி) கோட்டை உச்சிக்கு ஏற்றினால் ஒலி அலையின் முனை வெட்டுப்பட்டு ஸ்பீக்கர் கரகரக்கும். பேஸை அப்படியே விட்டு மற்ற கோடுகளை 3, 4 டெசிபல் இறக்குங்கள். பிறகு வால்யூமைக் கூட்டினால் பேஸ் கரகரப்பில்லாமல் எழும்பும்.