மடிக்கணினி வாங்கும் முன் ஒரு கேள்வி

கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்க மன்னார்குடியிலிருந்தோ திருவாரூரிலிருந்தோ தஞ்சாவூர்க் கடைகளுக்குப் புறப்படுகிறீர்களா? விலையைப் பேசும் முன், "இதில் பிற்பாடு ராம் கூட்ட முடியுமா?" என்று அவசியம் கேளுங்கள். ராம் என்பது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராம், மதர்போர்டு எனும் முதன்மைச் சுற்றுப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கிய அளவுதான் கடைசிவரை. விற்பவர் தாமாகச் சொல்வார் என்று இருந்துவிடாதீர்கள்.

பாடம், தட்டச்சு, கணக்கு வேலைகளுக்கு 8 ஜிபி ராம் போதும். வீடியோ தொகுப்பு, கட்டட வரைபடம் என்றால் 16 ஜிபிக்குக் குறைய வேண்டாம். கோப்புகளைச் சேமிக்க, பழைய ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி கட்டாயம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போய்ப்போய் வரும் ஊர் நம்முடையது. ஆகவே பேட்டரி எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்று காட்டும் வாட்-அவர் (Wh) எண்ணையும் பாருங்கள். என் கணக்கில் 50க்குக் குறையாமல் இருப்பது நல்லது.