சதுப்பு நிலத்தில் சாலைக்கரை எழுப்புவது எப்படி?

கொழும்பு–கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை 25.8 கி.மீ. நீளம். 2013இல் திறந்தார்கள். முத்துராஜவெலச் சதுப்பை ஒட்டிப் போகும் அந்தச் சாலைக்கு அடியில் பீட் மண்ணும் (மக்கிய தாவரங்களால் ஆனது) குழகுழவென்ற களிமண்ணும்தான். அப்படிப்பட்ட இடத்தில் முதன்முதலாகக் கரை, அதாவது சாலையைத் தாங்கும் மண்மேடு, போடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. மண்ணைப் பாருங்கள். எஸ்.பி.டி. எண் (சுத்தியலால் அடித்துக் குழாயை மண்ணில் இறக்கத் தேவைப்படும் அடிகள்) 0, 1 என்று வந்தால் அதை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது. வேன் ஷியர் சோதனை (இறக்கைத் தகட்டை மண்ணில் செருகித் திருப்பி அதன் வலிமையை அளப்பது) செய்யுங்கள். பீட் இரண்டு மூன்று மீட்டருக்குள் முடிந்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம், வெட்டி எடுத்துவிட்டு மணல் நிரப்புங்கள்.

2. எவ்வளவு உயரம் தாங்கும்? வேன் வலிமை 10 கிலோபாஸ்கல் என்று வைப்போம். களிமண்ணுக்கான தாங்குதிறன் எண் 5.14. 5.14 × 10 = 51.4 கிலோபாஸ்கல். பாதுகாப்புக்கு 1.3ஆல் வகுத்தால் 39.5. நிரப்பு மண்ணின் எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் என்றால் உயரம் 2.2 மீட்டர். உங்களுக்கு 4 மீட்டர் வேண்டுமா? ஒரே மூச்சில் போட்டால் கரை வழுக்கும், பக்கத்து வயல் மேலே எழும்பும்.

3. தண்ணீருக்கு வழி விடுங்கள். 8 மீட்டர் களிமண், மேலும் கீழும் வடியும், திண்மமாதல் கெழு (தண்ணீர் வடிந்து மண் இறுகும் வேகத்தைக் காட்டும் எண்) ஆண்டுக்கு 1 சதுர மீட்டர் என்றால், 90% அமுங்க ஏறக்குறைய 13½ ஆண்டு. 1.2 மீட்டர் இடைவெளியில் பி.வி.டி. பட்டைகளை (தண்ணீர் மேலேறி வடிய மண்ணுக்குள் செங்குத்தாக இறக்கும் வடிகால்கள்) இறக்கினால் அதுவே ஓராண்டு! (இறக்கும்போது களிமண் குழம்புவதால் நிஜத்தில் கொஞ்சம் கூடும்.) பட்டையின் தலை மேலே உள்ள மணல் படுகைக்குள் இருக்க வேண்டும். படுகையின் ஓரத்தைக் களிமண் கொட்டி அடைத்துவிட்டால் மொத்தச் செலவும் வீண். இது அடிக்கடி நடக்கிறது.

4. கட்டம் கட்டமாக ஏற்றுங்கள். முதல் 2.2 மீட்டரின் சுமையில் களிமண் 90% அமுங்கினால், உத்தேசமாக 10 கிலோபாஸ்கல் 17, 18 ஆகிவிடும். பிறகு 4 மீட்டரை நெருங்கலாம். பொறுத்திருந்ததற்குக் கிடைக்கும் கூலி இதுதான்.

5. தினமும் அளவெடுங்கள். செட்டில்மென்ட் பிளேட் (அமுங்கலை அளக்கும், கம்பி பொருத்திய தகடு), பியெசோமீட்டர் (மண்ணுக்குள் உள்ள நீரழுத்தத்தை அளப்பது), கரையோர முளைகள் மூன்றும் வேண்டும். முளை வெளிப்பக்கம் நகரும் வேகம் கூடினால் லாரியை அன்றே நிறுத்துங்கள். என் முதல் சைட்டில் ஒரு டோசர் மோதி, செட்டில்மென்ட் பிளேட்டின் கம்பியை வளைத்துவிட்டது. மூன்று மாத அளவுகள் போயின. அன்றிலிருந்து கம்பியைச் சுற்றி சிவப்பு டிரம் வைக்காமல் மண் கொட்ட விடுவதில்லை.

6. சர்ச்சார்ஜ் (அமுங்கலை விரைவுபடுத்தத் தற்காலிகமாக ஏற்றும் மண்). சாலை மட்டத்துக்கு மேல் கூடுதலாக ஒன்றிரண்டு மீட்டர் மண் ஏற்றுவதும் இதே உயரக் கணக்குக்கு உட்பட்டதுதான். அமுங்கல் வளைகோடு படுத்த பிறகே இறக்குங்கள். இறக்கிய மண் அடுத்த பகுதிக்கு சர்ச்சார்ஜாகப் போகும்.