ரப்பர் பாலில் ஆசிட்: வினையை அணியாக எழுதுவது எப்படி?

அணிகளை (matrix) கூட்டத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே இறங்குகிறேன். வேதிவினையை எண்களின் அணியாக எழுதும் இந்த முறை, 1973-ல் கணிதர் டுகுண்ட்ஜியும் வேதியியலாளர் உகியும் கொண்டுவந்தது.

முதலில் தண்ணீர். ஆக்சிஜன், ஹைட்ரஜன், ஹைட்ரஜன் என்ற வரிசையில்:

4 1 1
1 0 0
1 0 0

இரண்டு அணுக்கள் சந்திக்கும் கட்டத்தில் பிணைப்பின் எண்ணிக்கை: ஒற்றைக்கு 1, இரட்டைக்கு 2. மூலைவிட்டத்தில், பிணைப்பில் சேராத எலக்ட்ரான்கள்.

நான் சறுக்கியது இந்த மூலைவிட்டத்தில்தான். ஆக்சிஜனில் தனித்த ஜோடி இரண்டுதானே என்று 2 போட்டேன். இரண்டு நாள் போச்சு, எந்த வினையும் சரியாக வரவில்லை. எண்ண வேண்டியது ஜோடியை அல்ல, எலக்ட்ரானை. அதனால் 4. சரிபார்க்க வரிசையைக் கூட்டுங்கள்: 4+1+1=6, ஆக்சிஜனின் இணைதிறன் எலக்ட்ரான்கள் (வெளிக்கூட்டில் இருப்பவை). நான் போட்டதில் 4 வந்தது. கூட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இனி வினை. எங்கள் குலசேகரம் பக்கம் வெட்டிய ரப்பர் பால் உறையாமல் இருக்க அமோனியா விடுவார்கள். அந்தப் பாலை ஆசிட் விட்டு உறையவைத்துத்தான் ரப்பர் ஷீட் அடிக்க முடியும்; ஆசிட் கூடுதலாக வேண்டும், ஒரு பங்கை அமோனியாவே தின்றுவிடும். பார்மிக் ஆசிட்டும் அமோனியாவும் சேர்ந்தால் 9 அணுக்கள், 9×9 அணி. ஆனால் மாறுவது மூன்று அணுக்களின் கட்டங்கள் மட்டும். நைட்ரஜன், ஆசிட்டில் இருந்து வரும் ஹைட்ரஜன், அதை விடும் ஆக்சிஜன் என்ற வரிசையில் வினை அணி, அதாவது ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்ற கணக்கு:

−2 1 0
1 0 −1
0 −1 2

நைட்ரஜன் தன் ஜோடியைக் கொடுத்து ஹைட்ரஜனைப் பிடிக்கிறது. பழைய பிணைப்பின் இரண்டு எலக்ட்ரானும் ஆக்சிஜனிடம் தங்குகின்றன. எல்லா எண்களையும் கூட்டினால் 0. தொடக்க அணியோடு இதைக் கூட்டினால் விளைபொருளின் அணி. அதில் நைட்ரஜன் வரிசை 5-லிருந்து 4 ஆகிறது, மின்சுமை +1. ஆக்சிஜன் வரிசை 6-லிருந்து 7, மின்சுமை −1. அமோனியம் பார்மேட் வந்துவிட்டது.

பார்மிக்குக்குப் பதில் அசிட்டிக் ஆசிட் ஊற்றுங்கள்: தொடக்க அணி பெரிதாகும், வினை அணியின் இந்த மூன்று வரிசை அப்படியே நிற்கும். எனக்கு இந்த முறை பிடித்துப்போனது இதனால்தான்.

எக்செல் வேண்டாம், முதலில் கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும். 9×9-க்குப் போகும்போது பைத்தான் நிரல்மொழியில் அணிக் கணக்குக்கான நம்பை (NumPy) தொகுப்பு.

பின்சேர்க்கை: கருங்கல்லில் இருந்து ஒருவர், விளைபொருள் அணி ஒத்து வரவில்லை என்று கேட்டிருந்தார். அவர் விளைபொருளுக்கு அணுக்களைப் புதிதாக வரிசைப்படுத்தியிருந்தார். தொடக்கத்தில் எந்த ஹைட்ரஜனுக்கு 4-ம் எண் கொடுத்தீர்களோ, அது எங்கே போய் ஒட்டினாலும் 4-தான்.