போட்டோ பிரிண்டரில் வெளி இங்க்: சேலத்து ஸ்டுடியோக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிண்டர் கம்பெனியுடையது அல்லாத வெளி இங்க் ஊற்றினாலே, இங்கைத் தெளிக்கும் ஹெட் போய்விடும் என்பார் சர்வீஸ் பார்ப்பவர். வருஷக்கணக்காக லூஸ் இங்க்தான் ஓட்டுகிறேன், ஒரு கோடுகூட விழுந்ததில்லை என்பார் பக்கத்து ஸ்டுடியோக்காரர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நாலு ரோட்டிலும் அம்மாபேட்டையிலும் பாஸ்போர்ட் சைஸ் போட்டுக் கொடுக்கும் கடைகளில் பல வருஷமாக வெளி இங்கிலேயே ஓடுகிற மெஷின்களும் உண்டு, மூன்றே மாதத்தில் ஹெட் அடைத்து மூலையில் கிடக்கிறவையும் உண்டு. பெரும்பாலும் டேங்கில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரியாமல், கையில் கிடைத்ததை அதன் மேலேயே ஊற்றுவதில்தான் வினை ஆரம்பிக்கிறது.

டை, பிக்மென்ட் என்று இங்கில் இரண்டு ஜாதி. டை என்பது தண்ணீரில் முழுதாகக் கரைந்த சாயம். பிக்மென்ட் என்பது கரையாமல் மிதக்கும் மிக நுண்ணிய துகள். எப்சன் எல்805, எல்8050 போன்ற 6 கலர் போட்டோ பிரிண்டர்கள் ஆறு கலருக்குமே டை இங்க் கேட்பவை. கேனன் ஜி வரிசையில் ஜி2010, ஜி3010 மாதிரியான மாடல்களில் கலர் மூன்றும் டை, கறுப்பு மட்டும் பிக்மென்ட். ஒரே கடையில் இந்த இரண்டும் இருந்து, "பிளாக் பிளாக்தானே" என்று ஒரே பாட்டிலை இரண்டுக்கும் ஊற்றினால் வந்தது வினை. இரண்டு ஜாதியும் கலக்கும்போது துகள் திரண்டு கட்டிக்கொள்ளலாம். ஹெட்டில் இங்க் வெளியே வரும் நாசில் துளை தலைமுடியைவிடச் சன்னம். அதில் ஒருமுறை கட்டி நின்றால் லேசில் வராது.

மூன்றாவது ஜாதி சப்ளிமேஷன். கப், டி-ஷர்ட் அடிக்கிற கடைகளில் எல்805-ஐயே அதற்கும் மாற்றி வைத்திருப்பார்கள். அதில் அவசரத்துக்கு ஒரு குழந்தை போட்டோவை கிளாசி ஷீட்டில் எடுத்துப் பாருங்கள். சிவப்பு கவுன் செங்கல் நிறத்துக்கு இறங்கியிருக்கும், முகம் பழைய காலண்டர் போல வெளுத்திருக்கும். இங்கில் கோளாறு ஒன்றும் இல்லை. அந்தச் சாயம் ஹீட் பிரஸ்ஸில் ஆவியாகி பாலியஸ்டருக்குள் இறங்கினால்தான் அதன் நிஜக் கலர் வெளியே தெரியும். அந்த மெஷினை மறுபடி போட்டோவுக்குத் திருப்புவதற்கு டேங்க், டியூப், ஹெட் எல்லாவற்றையும் அலச வேண்டும். வேலை இருக்கிற கடையில் இரண்டு பிரிண்டர் வைத்துக்கொள்வதே மலிவு.

'எல்லா பிரிண்டருக்கும்' என்று லேபிள் ஒட்டிய லிட்டர் பாட்டிலை நான் நம்புவதில்லை. எப்சன் ஹெட்டில் இங்கைத் தள்ளுவது மின்சாரம் பட்டால் வளையும் பீசோ படிகம். கேனனும் எச்பியும் இங்கை மைக்ரோநொடிகளில் சூடாக்கி, ஆவிக்குமிழ் கிளப்பி, அதன் வேகத்தில் துளியைத் துப்ப வைக்கின்றன. கேனன், எச்பியில் இங்க் சூட்டில் கருகி ஹீட்டரில் படியாமல் இருக்க வேண்டும். எப்சனில் அதன் அடர்த்தியும் ஒட்டுத்தன்மையும் அந்தப் படிகத்தின் தள்ளலுக்குப் பொருந்த வேண்டும். ஒரே இங்க் இரண்டுக்கும் சரியாக அமைவது கஷ்டம். மாடல் நம்பர் போட்டு, டையா பிக்மென்டா என்று எழுதி, பேட்ச் நம்பரும் தேதியும் அச்சடித்து விற்கிற கம்பாட்டிபிள் இங்க் இருக்கிறது. விலை கொஞ்சம் கூட, ஆனாலும் ஒரிஜினலைவிட எவ்வளவோ குறைவு. அதை வாங்குங்கள்.

ஒரிஜினல் டப்பாவைப் போலவே அச்சடித்த போலி வேறு இருக்கிறது. கம்பாட்டிபிள் என்று தன் பெயரைப் போட்டு விற்கிறவனாவது நேர்மையானவன். இதில் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது.

ஒரு பிராண்டில் ஆரம்பித்தால் அதிலேயே இருங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஆறு கலரையும் ஒரே கம்பெனியில், ஒரே நாளில் மாற்றுங்கள். பழையதை டேங்கிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். பாதி இருக்கும்போது மேலே ஊற்றுவது வேண்டாம். அப்புறம் ஒரு சின்ன ஸ்டிக்கரில் பிராண்டையும் தேதியையும் எழுதி டேங்கில் ஒட்டிவிடுங்கள். கடைப் பையன் மாறிப் போனாலும் ஸ்டிக்கர் இருக்கும். எப்போது ஊற்றினாலும் இங்க்கை டேங்கின் கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்க விடக்கூடாது. இறங்கினால் டியூபில் காற்று ஏறி, நல்ல இங்க் ஊற்றிய பிறகும் வெள்ளைக் கோடு விழும். இங்கைத் திட்டிக்கொண்டு பாட்டிலை மாற்றுகிறவர்களில் பலருக்கு நிஜத்தில் இருப்பது காற்றுதான்.

லைட் சயான் (வெளிர் நீலம்), லைட் மெஜந்தா (வெளிர் ரோஜா) தீர்ந்துபோய் அந்த நேரத்தில் கிடைக்கவில்லை என்றால், சயானில் தண்ணீர் கலந்து ஊற்றும் வழக்கம் ஒன்று இருக்கிறது. மனிதத் தோலின் மென்மையெல்லாம் இந்த வெளிர் கலர்களில்தான் நிற்கிறது. தண்ணீர் கலந்ததில் சாயம் மட்டுமில்லை, துளி சீராக விழுவதற்கும் துளை காயாமல் இருப்பதற்கும் சேர்த்திருக்கும் பொருள்களும் நீர்த்துப்போகும். கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், தண்ணீர் கலந்து ஊற்றினார்களா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

தண்ணீர் என்றதும் சேலத்துக்கே உரிய ஒரு தொல்லை ஞாபகத்துக்கு வருகிறது. மாக்னசைட் வெட்டியெடுக்கிற மண் இது. பல ஏரியாக்களில் போர் தண்ணீர் சரியான உப்பு. அடைத்த ஹெட்டைக் கழுவுகிறேன் என்று அந்தத் தண்ணீரைக் காட்டினால், காய்ந்த இங்கோடு உப்பும் சேர்ந்து துளையில் உட்காரும். சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு போர் தண்ணீரையும் பக்கத்தில் ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டரையும் விட்டுக் காய வையுங்கள். முதல் சொட்டு இருந்த இடத்தில் ஓரம் தடித்த வெள்ளை வட்டம் நிற்கும், அடுத்ததில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரும் வேண்டாம்.

கலர் மாறி வருகிறது என்ற புகாரில் பெரும்பகுதி புரொஃபைல் விவகாரம், அதாவது எந்த இங்குக்கும் பேப்பருக்கும் எவ்வளவு கலர் விட வேண்டும் என்ற கணக்கு. பிரிண்டர் டிரைவர் கம்பெனி இங்கையும் கம்பெனி பேப்பரையும் மனதில் வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. வேறு இங்க் ஊற்றினால் அந்தக் கணக்கு தப்பும். ஆல்பம் வேலை செய்கிறவர்கள் தாங்கள் ஓட்டும் இங்குக்கும் பேப்பருக்கும் தனியாக ஐசிசி புரொஃபைல் போட்டுக்கொள்வது நல்லது. ஒவ்வொரு போட்டோவுக்கும் போட்டோஷாப்பில் சிவப்பைக் குறைத்துக்கொண்டு உட்காருவதைவிட அது எளிது. ஆனால் இங்க் மாறினால் அந்த புரொஃபைலும் செல்லாது. பிராண்ட் தாவாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மங்கிப் போவதைப் பற்றி ஒரு விஷயம். 2000-ல் எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிரிண்டர்களில் எடுத்த படங்கள் சிலருக்குச் சீக்கிரத்திலேயே ஆரஞ்சு நிறமாக மாறின. ஒரிஜினல் இங்க், ஒரிஜினல் பேப்பர். காற்றிலிருக்கும் ஓசோன் சயான் சாயத்தைத் தின்றுவிட்டது. உடனே உலரும் நுண்துளை பேப்பரில் சாயம் காற்றுக்குத் திறந்தே கிடக்கும், அதுதான் கோளாறு. அந்தப் பாடத்துக்குப் பிறகு கம்பெனிகள் சாயத்தை வலுப்படுத்தின. மலிவு ரீஃபில் இங்கில் அந்த வலு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் முன் நீங்களே பாருங்கள். ஒரு படத்தை வெட்டிப் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, கடைச் சுவரில் வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில் மாட்டுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து அட்டையை எடுத்தால் தெரிந்துவிடும். பாஸ்போர்ட் போட்டோவுக்கு எந்த இங்கும் ஓடும். வீட்டுச் சுவரில் மாட்டுகிற தாத்தா படத்துக்கு ஓடாது; அதைக் கண்ணாடி பிரேமில் போட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் லேமினேட் செய்யுங்கள்.

ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆல்பம் ஆர்டரும் கிடையாது. பிரிண்டரை மூடி வைத்துவிட்டு ஆவணியில் திறந்தால் பாதி நாசில் வராது. வெளி இங்க் சிலவற்றில் காயாமல் காக்கும் பொருள் குறைவாக இருக்கும், அவை இன்னும் சீக்கிரமே காய்ந்து அடைக்கும். ஏப்ரல், மே வெயிலிலும் அப்படித்தான். வாரத்துக்கு இரண்டு தடவை எல்லாக் கலரும் வருகிற ஒரு சின்னப் படம் எடுத்தால் போதும். மின்வாரியத்தின் மாதப் பராமரிப்பு நாளில், கரண்ட் போகும் முன்பே பிரிண்டரின் பவர் பட்டனை அழுத்தி அணையுங்கள். அப்போதுதான் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காரும். பாதி அச்சில் கரண்ட் போனால் அது வெளியிலேயே நின்று காயும்.

அடைத்துவிட்டால் ஹெட் கிளீனிங்கை விடாமல் அழுத்துகிறார்கள். ஒவ்வொரு தடவையும் இங்க், மெஷினுக்குள் கழிவு இங்கை உறிஞ்சி வைக்கும் வேஸ்ட் பேடுக்குப் போகிறது. பேட் நிரம்பிவிட்டதாகக் கவுண்டர் கணக்கிட்டதும் மெஷின் நின்றுவிடும். இரண்டு மூன்று தடவை செய்து, எந்தத் துளை அடைத்திருக்கிறது என்று காட்டும் நாசில் செக் அச்சை எடுத்துப் பார்த்து, சரியாகவில்லை என்றால் ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். காற்றாக இருந்தால் பல நேரம் தானாக இறங்கியிருக்கும். கவுண்டரை மட்டும் சாஃப்ட்வேரில் ரீசெட் செய்து, பேடை மாற்றாமல் விட்டால் ஒருநாள் இங்க் மேஜை மேல் வழியும்.

கடைசியாக ஏற்காடு. மே மாதக் கோடை விழாவுக்கு ஏரிப் பக்கம் உடனடி போட்டோ போட பிரிண்டரை மேலே கொண்டு போகிறவர்களுக்கு மட்டும். இங்க் நிறைந்த டேங்கோடு 20 கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஏற்றினால் அலைந்து டியூபுக்குள் காற்று போகும், மூடி வழியாகக் கசியும். சில மாடல்களில் டேங்க் பக்கத்தில் ஒரு லாக் இருக்கும், அதைத் திருப்பிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். மேலே போய் லாக்கைத் திறக்க மறந்தால் இங்க் வராது! ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், காற்றழுத்தம் சேலத்தைவிடச் சுமார் எட்டில் ஒரு பங்கு குறைவு. கீழே இறுக்கி மூடிய பாட்டிலை மேலே திறந்தால் உள்ளிருக்கும் காற்று புஸ்ஸென்று இங்கைத் தள்ளிக்கொண்டு வரும். துணி வைத்து, மெதுவாகத் திறங்கள். பனி இறங்கும் நேரத்தில் பிரித்த பேப்பர் பாக்கெட் ஈரத்தை உறிஞ்சிச் சுருளும். மலிவு கிளாசி ஷீட்டில் இங்க் ரொம்ப நேரம் ஈரமாகவே நிற்கும். தேவைக்கு மட்டும் பேப்பரை எடுத்துவிட்டு மீதியை ஜிப் கவரில் வையுங்கள், எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள். லேமினேஷனை மறுநாள் அடிவாரம் இறங்கி வந்தே வைத்துக்கொள்ளலாம்.