மூளைப் படத்தில் சிவப்புத் திட்டு தெரிந்தால்

போன வாரம் டீக்கடையில் அண்ணாச்சி ஒருவர் போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த மூளைப் படம், நடுவில் சிவப்புத் திட்டு. “கோபம் வந்தா இந்த எடத்துல கரண்ட் ஓடுதாம்லா, அப்படியா தம்பி?” நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன் என்பதால் இப்படி அடிக்கடி மாட்டுவேன்.

கரண்ட் இல்லை அண்ணாச்சி, ரத்தம். அதை வைத்தே படத்தைப் பார்க்க வேண்டும். இது எஃப்.எம்.ஆர்.ஐ., அதாவது மூளை வேலை செய்யும்போது எம்.ஆர்.ஐ. மெஷினில் எடுக்கிற படம். நரம்புச் செல்லின் மின்துடிப்பை அந்த மெஷின் அளப்பதே இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் மெஷினின் காந்தப்புலத்தை லேசாகக் கலைக்கும்; கலைந்தால் சிக்னல் குறையும். ஆக்சிஜன் ஏந்தியது கலைக்காது. 1990-ல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா எலி மூளையில் காட்டியது இதைத்தான்.

அப்படியானால் செல் உழைக்கும் இடத்தில் ஆக்சிஜன் தீர்ந்து சிக்னல் குறையத்தானே வேண்டும்? கூடுகிறது! சேரன்மகாதேவியில் எங்கள் வயலுக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். வாமடையை வெட்டிவிட்டால் பயிர் குடிக்கிற அளவா பார்த்து வருகிறது தண்ணீர்? வரப்புத் தளும்ப வரும். மூளையும் செலவைவிட அதிகமாக ரத்தத்தை அனுப்பிவிடுகிறது. அந்த வெள்ளத்தில் ஆக்சிஜன் இழந்த ரத்தம் அடித்துப் போக, சிக்னல் ஏறுகிறது.

கடைமடைக்குத் தண்ணீர் போக நேரமாகிற கதையும் உண்டு. விரலைத் தட்டச் சொன்னால் செல்கள் நொடிக்குள் கிளம்பிவிடும். சிக்னல் உச்சிக்குப் போக 5, 6 விநாடி பிடிக்கும். அப்புறம் இறங்கி, பழைய மட்டத்துக்கும் கீழே கொஞ்சம் போய்விட்டுத்தான் நிலைக்கு வரும். சிக்னல் ஏறி இறங்கும் வரைபடம் கையில் இருந்தால் இந்தத் தாமதத்தைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

நிறத்தைப் பார்த்தால், எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். சும்மா இருந்தபோதும் விரல் தட்டியபோதும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். சிவப்பு என்பது அதன்மேல் போட்ட புள்ளியியல் கணக்கு. கணக்கில் கவனம் தப்பினால் என்ன ஆகும் என்று காட்ட, செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து எடுத்த படத்தை 2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதன் மூளையிலும் சிவப்பு வந்தது.

ரத்தக் குழாயைத் தொடுகிற எதுவும் படத்தைத் தொடும். ஸ்கேனில் படுப்பவரை மூச்சைப் பிடிக்காதீர்கள் என்று சொல்வேன்; பிடித்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறி, மூளை முழுக்க ரத்த ஓட்டம் கூடிவிடும். காபி நேர்மாறு, குழாயைச் சுருக்கும்.

அண்ணாச்சி கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். “அப்ப டீ?”

“அதுலயும் அதே சரக்குதான்.”

“சரி, நான் ஸ்கேனுக்கா போறேன்” என்று மிச்சத்தையும் குடித்தார்.