தோல் பயாப்சியைப் படுக்க வைக்காதீர்கள்

புதிதாக லேபுக்கு வருபவர்கள் தோல் துண்டை மெழுகில் பதித்து, சீவி, ஸ்லைடு போடுவதைப் பார்த்தால், பழகிய காலத்தில் நாங்கள் வாங்கிய அதே திட்டுகள் ஞாபகத்துக்கு வருகின்றன. டப்பாவில் பெயர் ஒட்ட மறப்பது, துண்டு கெடாமல் காக்கும் பார்மலினைக் குறைவாக ஊற்றுவது எல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

துண்டைப் படுக்க வைப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். உருகிய மெழுகில் வைத்ததும் தோல் துண்டு தட்டையாகப் படுத்துக்கொள்ளும். அவசரத்தில் அப்படியே குளிர வைத்துவிடுவார்கள். துண்டு விளிம்பில் நிற்க வேண்டும். எபிடெர்மிஸ் (மேல்தோல்), டெர்மிஸ் (அடித்தோல்), கொழுப்பு மூன்றும் ஒரே சீவலில் வர வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். உடலின் பெரும்பகுதியில் எபிடெர்மிஸ் சுமார் 0.1 மில்லிமீட்டர், அதாவது 100 மைக்ரான். சீவும் கருவியான மைக்ரோடோம் ஒரு தடவை சீவுவது 4 மைக்ரான். படுத்திருக்கும் துண்டில் 25 சீவலோடு எபிடெர்மிஸ் தீர்ந்தது. பிளாக்கின், அதாவது துண்டு உறைந்த மெழுகுக் கட்டியின், முகத்தைச் சமப்படுத்தும்போதே பாதி குப்பைக்குப் போயிருக்கும்.

முழுக்கப் படுத்தாலாவது உடனே தெரிந்துவிடும். சாய்ந்து நிற்பது அதைவிட மோசம், ஏனென்றால் ஸ்லைடு நன்றாக வந்ததுபோலவே இருக்கும். நேர் நிலையிலிருந்து 60 டிகிரி சாய்ந்தால் தடிமன் இரு மடங்காகத் தெரியும். எபிடெர்மிஸிலிருந்து கீழே இறங்கும் முகடுகள் குறுக்கே வெட்டுப்பட்டு, டெர்மிஸுக்குள் தனித் தீவுகளாக நிற்கும். புதியவர்கள் அதைப் பார்த்ததும் புற்று ஊடுருவிவிட்டது என்பார்கள். அடுத்தடுத்த சீவல்களைத் தொடர்ந்து பாருங்கள். வெறும் முகடென்றால் மேலே போய் ஒட்டிக்கொள்ளும்.

ஒருமுறை காலிலிருந்து எடுத்த கருமச்சம் ஒன்று வந்தது, மெலனோமா என்ற தோல் புற்று சந்தேகம். பிளாக் சாய்ந்திருந்தது. புதுப் பையன், 'சரியா வரல சார்' என்று சீவிக்கொண்டே போயிருக்கிறான். நான் வந்து பார்த்தபோது மச்சத்தில் மிச்சமே இல்லை. மெலனோமாவின் ஆழத்துக்கு நோயியல் மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் சொன்ன அளவுதான் இன்றும் வழக்கம்: எபிடெர்மிஸின் மேற்பகுதியில் இருக்கும் கிரானுலார் அடுக்கின் உச்சியிலிருந்து மிக ஆழத்தில் உள்ள புற்றுச்செல் வரை. 1 மி.மீ.க்குள் இருந்தால் சுற்றிலும் 1 செ.மீ. தோலை எடுத்தால் போதும், 2 மி.மீ.ஐத் தாண்டினால் 2 செ.மீ. அந்த அளவைத்தான் அறிக்கையில் உறுதியாக எழுத முடியாமல் போயிற்று. இன்னொரு துண்டு கேட்கவும் வழியில்லை, மச்சம் முழுவதும் வந்தது அதில்தான்.

சாய்ந்திருக்கிறதா? சீவுவதை நிறுத்துங்கள். மெழுகை உருக்கி, துண்டை நிமிர்த்தி, சூடான இடுக்கியால் பிடித்தபடி மறுபடி ஊற்றுங்கள். மெழுகுக்குப் போகும் முன்பே வெட்டுப்பட்ட அடிப்பக்கத்தில் மை தடவியிருந்தால் எது மேல், எது கீழ் என்ற குழப்பமே வராது.

முடி உதிர்வுக்கும் அதே விதியைப் பிடித்துக்கொள்வது

இங்கே எல்லாம் தலைகீழ். வட்டக் கத்தியால் எடுத்த 4 மி.மீ. பஞ்ச் துண்டை நேராக நிறுத்திச் சீவினால் சில மயிர்க்கால்கள்தான் அகப்படும். கிடைமட்டமாகச் சீவினால் அத்தனையும் ஒரே ஸ்லைடில் வரும். எத்தனை வளர்கின்றன, எத்தனை ஓய்வில் இருக்கின்றன என்று எண்ணலாம். நோயியல் மருத்துவர் ஹெடிங்டன் 1984இல் எழுதிய பிறகு பரவிய முறை இது. விண்ணப்பத்தில் 'முடி உதிர்வு' என்றிருந்தால், மெழுகு ஊற்றும் மோல்டில் வைக்கும் முன்பே எப்படி வெட்டுவது என்று கேட்டுவிடுங்கள்.

எல்லா இடத்திலும் லூசிடம் அடுக்கைத் தேடுவது

எபிடெர்மிஸின் இந்தத் தெளிந்த அடுக்கைத் தேட வேண்டிய இடம் உள்ளங்கை, உள்ளங்கால். வேறெங்கும் வேண்டாம்.

மெலனோசைட்டை எண்ணி நிறம் சொல்வது

மெலனின் நிறமியைச் செய்யும் செல்தான் மெலனோசைட். கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. நிறமிப் பொட்டலங்களான மெலனோசோம்களின் அளவும் அவை எபிடெர்மிஸின் பெரும்பான்மைச் செல்லான கெரட்டினோசைட்டுக்குள் பரவியிருக்கும் விதமும்தான் வேறு. இன்னொன்று: அடிவரிசையில் வெளிறிய வளையத்தோடு தெரிவதெல்லாம் மெலனோசைட் இல்லை. சுருங்கிய கெரட்டினோசைட்டும் அப்படித்தான் இருக்கும்.

பழுப்பெல்லாம் மெலனின் என்பது

ஸ்லைடில் தெரியும் பழுப்புத் துகள், இரும்பைக் காட்டும் பெர்ல்ஸ் சாயத்தில் நீலமானால் இரும்பு. போலரைஸ் ஒளியில் மின்னினால் பார்மலின் படிவு.

நகத்தை ஆசிடில் போடுவது

ஆசிடால் கால்சியம் நீக்குவது எலும்புக்கு. நகத்தின் கடினம் கெரட்டின் என்ற புரதத்தால் வருவது. ஆசிடில் ஊற வைத்தால் சாயம்தான் கெடும். மென்மையாக்கப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போதும்.